மாப்பிள்ளை கொஞ்சம் அசால்ட்டு

அப்பா கோரிப்பாளையத்திலிருந்து திரும்பி வந்த அந்தச் சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் செருப்பை விட்டவர், கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா கொண்டுவந்த மோரை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். டம்ளர் வேர்த்து வேட்டியில் சொட்டியது.

"இந்த வரன் வேணாம்" என்றார்.

"ஏங்க, சாதகம் நல்லாப் பொருந்தியிருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் அம்மா.

"பையன் மேல அடிதடி கேஸ் இருக்கு."

நான் மூலையில் உட்கார்ந்து அரையாண்டுத் தேர்வுக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்பு மை பேனா ஒரு மாணவியின் முக்கோணத்தின் நடுவில் நின்றுவிட்டது.

எனக்காக அப்பா வரன் தேடிய படலத்தைப் பற்றித்தான் இந்தத் தொடரில் இரண்டு வாரமாக எழுதி வருகிறேன். அந்தப் படலத்தில் கடைசியாக வந்த வரன் இது. பையன் பல் மருத்துவர். பெயர் ரகுபதி. கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் சின்னதாக கிளினிக் வைத்திருந்தார். தரகர் கொடுத்த படத்தில் கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதையெல்லாம் யாரும் கேட்பதும் இல்லை.

"யாரு சொன்னா?" என்றார் அம்மா.

"கிளினிக்குக்குக் கீழ மருந்துக் கடை வச்சிருக்காரு, இப்ராகிம்னு ஒரு பாய். பொய் சொல்ற ஆளாத் தெரியல. மேல இருக்க டாக்டர் எப்படின்னு பொதுவாக் கேட்டேன். 'தங்கமான புள்ளைங்க. என்ன, கொஞ்சம் அசால்ட்டு'ன்னாரு. கொஞ்சமாம். அசால்ட்டுல என்ன கொஞ்சம், நெறைய?"

அம்மா யோசித்தார். "பல்லுப் புடுங்குற டாக்டரு எதுக்குங்க அடிதடிக்குப் போகணும்? வந்தவுக பல்ல ஒடச்சுட்டாரா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தாள்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தோள் குலுங்கியதைப் பார்த்து, நான் அழுகிறேன் என்று நினைத்து அம்மா ஓடி வந்தார்.

கோர்ட்டில் பழகிய காது

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் மதுரைக் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுத்து, அடுத்த வாய்தாவைக் குறித்து, சாட்சிக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைத்தவர். அந்தக் காதில் 'அசால்ட்' என்ற சொல் அவ்வளவு காலமும் ஒரே அர்த்தத்தில்தான் விழுந்திருக்கிறது. ஒருவன் இன்னொருவனை அடித்தான். அதற்கொரு சட்டப் பிரிவு.

அவர் வாழ்க்கையில் விளையாட்டாக எதுவும் கிடையாது. கைக்குட்டையைக்கூட இஸ்திரி போட்டுத்தான் பையில் வைப்பார். யாராவது சிரிப்புத் துணுக்கு சொன்னால், முடிந்த பிறகு, "அப்புறம் அந்த ஆளுக்கு என்னாச்சு?" என்று கேட்பார்.

நானும் அவர் மகள்தான். எங்கள் வீடு இருக்கும் பசுமலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வரன் விசாரிப்பதையும் அப்பா ஒரு வழக்குப் போலத்தான் நடத்தினார். தெருவில் மூன்று பேர், வேலை செய்யும் இடத்தில் இரண்டு பேர் என்று சாட்சிகள். ஒரு பையன் தேறவில்லை. அவன் பைக்கில் கண்ணாடி இல்லை. இன்னொருவன் அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லும்போது போனைப் பார்த்தான். எனக்கு இருபத்தெட்டு வயது ஆகியிருந்தது. உறவில் எல்லாரும் என்னைவிட அம்மாவைத்தான் பாவமாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு சொல்லின் பூர்வீகம்

சிரிப்பு அடங்கியதும் அப்பாவுக்கு விளக்கினேன். "அசால்ட்டுன்னா அடிதடி இல்லப்பா. எதையும் பெருசா எடுத்துக்காத ஆள்னு அர்த்தம். எங்க பிள்ளைங்கள்லாம் சொல்லும்."

"இங்கிலீஷ்ல அப்படி அர்த்தம் கிடையாதே."

"இது இங்கிலீஷ் இல்லப்பா. தமிழ்."

அப்பா என்னை நம்பவில்லை. மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இரண்டு வீடு தள்ளி இருந்த எஸ்தர் மேடத்தைப் பார்க்கக் கிளம்பினார். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். அப்பா மதிக்கும் மிகச் சிலரில் ஒருவர். துணைக்கு நானும் போனேன். என் கல்யாணமே ஒரு சொல்லின் அர்த்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

எஸ்தர் மேடம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் பதில் சொன்னார். அது பெரிய மனசு.

"இந்தச் சொல் எங்கருந்து வந்துச்சுன்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது சார். என் யோசனையச் சொல்றேன். அசட்டைன்னு ஒரு சொல் இருக்குல்ல, அசட்டையா இருந்துட்டான்னு. ஒருத்தரை மதிக்கலைன்னா சட்டை பண்ணலைங்கிறோம். அந்தச் சட்டைக்கும் போடுற சட்டைக்கும் சம்பந்தமில்ல. சிரத்தைங்கிற சொல்தான் அப்படி ஆச்சுன்னு சொல்வாங்க. சிரத்தை இல்லாதது அசிரத்தை, அசட்டை. நம்ம பிள்ளைங்க காதுல இங்கிலீஷ் அசால்ட்டும் விழுந்துக்கிட்டே இருந்துச்சா, ரெண்டும் ஒட்டிக்கிச்சோ என்னமோ."

இந்த யோசனை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் போட்டிக்கு வேறு கதைகளும் உண்டு. கிரிக்கெட் பைத்தியமான என் மாணவி ஒருத்தி ஒரு முறை வேறு விதமாகச் சொன்னாள். "அடிச்சு ஆடுறவனுக்குப் பயமே இருக்காது மிஸ். பயம் இல்லாம ஆடுனா பாக்குறதுக்கு ஈஸியாத் தெரியும். அதுதான் அசால்ட்டு." அடிதடியிலிருந்து துணிச்சல், துணிச்சலிலிருந்து சுலபம், சுலபத்திலிருந்து அலட்சியம். படிப்படியாக நிரூபித்துவிட்டாள். கணக்கில் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

மருந்துக் கடை இப்ராகிம் பாய் பிற்பாடு பழக்கமான பிறகு இன்னொன்று சொன்னார். "எங்க வீட்டுல உருது பேசுவோம்மா. ஆசான்னா சுலபம்னு அர்த்தம். அதுதேன் இப்படித் திரிஞ்சு போச்சு." அப்பாவிடம் சொன்னபோது, "ஆசான்னா வாத்தியாருல்ல?" என்றார். அத்துடன் அந்த ஆராய்ச்சி நின்றது.

எஸ்தர் மேடம் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது வரன் பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டே அப்பா தீர்ப்பைச் சொன்னார்.

"அடிதடியே தேவலை. ஒரு நாள் கோவத்துல நடந்துபோறது. சிரத்தை இல்லாதவன்னா அது தெனமும் நடக்கும். நாளைக்கே தரகருக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிர்றேன்."

கடைவாய்ப் பல்

மறுநாள் அப்பா போன் செய்யவில்லை. செய்ய முடியவில்லை. கன்னம் வீங்கியிருந்தது.

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வெகு நாளாயிற்று. ஊரில் எவருக்கும் அஞ்சாதவர் பல் டாக்டருக்கு மட்டும் அஞ்சுவார். வலி வந்தால் கிராம்புத் தைலம். வீட்டுக்குள் எப்போதும் ஒரு பிரியாணி வாசம் அடித்துக்கொண்டிருக்கும். இடது பக்கமாகவே சாப்பிட்டுச் சாப்பிட்டு அவர் முகமே கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துவிட்டதாக அம்மா சொல்வார்.

இந்த முறை தைலத்துக்கு மசியவில்லை. இரண்டு நாள் கஞ்சி குடித்தார். மூன்றாம் நாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, "வெளிய போயிட்டு வாரேன்" என்றார். எங்கே என்று சொல்லவில்லை.

மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார். வாயில் பஞ்சு. பேச முடியவில்லை. அம்மா பதறிக் கேட்டதற்கெல்லாம் கையால் காற்றில் ஏதோ வரைந்தார். பஞ்சை எடுத்த பிறகு முதலில் சொன்ன சொல், "வலிக்கல."

நடந்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அன்று கொஞ்சம், மறுநாள் கொஞ்சமாக வந்தது. போனது ரகுபதியின் கிளினிக்கேதான். எப்படியும் பல்லைக் காட்டியாக வேண்டும். பையனையும் நேரில் பார்த்துவிடலாம். ஒரு கல்லில் இரண்டு வேலை. சுந்தரம் என்று பொய்ப் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, வெங்காய மூட்டைக்கு மேல் பையை வைத்துக்கொண்டு.

"பயப்படாதீக அண்ணே" என்றிருக்கிறார் அந்த அம்மா. "டாக்டர் தம்பி அசால்ட்டா எடுத்துருவாப்ல. எடுத்ததே தெரியாது."

அப்பா குழம்பிப் போனார். மருந்துக் கடையில் குறையாகச் சொன்ன அதே சொல் மாடியில் புகழ்ச்சியாக இருந்தது. கீழே எதிர்த் தரப்புச் சாட்சி, மேலே நம் தரப்புச் சாட்சி, வாக்குமூலம் மட்டும் ஒன்று என்றார்.

உள்ளே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் டாக்டர் சுகர், பிரஷர் எல்லாம் கேட்டுவிட்டு, "எம்புட்டு நாளா சார் வலி?" என்றிருக்கிறார்.

"ஒரு வருஷமா இருக்கு தம்பி."

"ஒரு வருஷம் பொறுத்தவருக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் என்ன சார்."

அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. "நீங்க எதையும் சீரியஸா எடுத்துக்க மாட்டீங்கன்னு வெளிய பேசிக்கிறாகளே" என்று கேட்டுவிட்டார்.

"யார் சார் சொன்னது? நான் எதை எடுத்தாலும் வேரோட எடுப்பேன்."

இதைச் சொல்லும்போது அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் அம்மாவிடம் ஒரு முறையும், எஸ்தர் மேடத்திடம் ஒரு முறையும் அதைத் திரும்பச் சொன்னார். "அப்புறம் அந்த ஆளுக்கு என்னாச்சு" என்று யாரும் கேட்கவில்லை.

"அப்பச் சம்மதம்னு சொல்லிரலாமா?" என்றார் அம்மா.

"பல்லு நல்லா எடுக்குறாரு. அதுக்காகப் பொண்ணைக் குடுத்துர முடியுமா?"

விசாரிக்காத சாட்சி

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. திட்டம் போட்டுச் சொல்லவில்லை. இட்லித் தட்டில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஊரெல்லாம் விசாரிச்சிட்டீங்க. என்னைய மட்டும் ஒரு வார்த்தை விசாரிக்கலையேப்பா."

அம்மா அடுப்பைக் குறைத்தார். அப்பா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "நீயே போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் விடுமுறை. அங்கேயே பேசலாம் என்று ஏற்பாடு. அம்மாவும் நானும் போனபோது கதவு பூட்டியிருந்தது. வெகு நேரம் கழித்துப் படியேறி ஓடி வந்தார் ரகுபதி. சாவியை வீட்டில் மறந்துவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து, திரும்பிப் போய் எடுத்து வந்திருக்கிறார். மனசுக்குள் ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

அம்மா வெளியே உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருந்தது ஒரு முக்காலியும் நோயாளி நாற்காலியும்தான். "உக்காருங்க" என்று நோயாளி நாற்காலியைக் காட்டினார். முறைத்தேன். முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது பின்னால் சாய்ந்துகொண்டே போயிற்று. கூரையைப் பார்த்தபடியே என்னோடு பேச வேண்டியதாயிற்று.

"ஒண்ணு கேக்கணும்" என்றேன். "நீங்க எதையாவது சீரியஸா எடுத்துக்குவீங்களா?"

உடனே ஒரு பகடி வரும் என்று காத்திருந்தேன். அவர் யோசித்தார்.

"படிக்கிறப்ப மொத மொதப் பல்லு எடுக்கையில கை நடுங்குச்சுங்க. என் மூஞ்சியப் பாத்து அந்தப் பெரியவரும் நடுங்கிட்டாரு. அதுக்கப்புறம் சிரிச்சுப் பேச ஆரம்பிச்சேன். நடிப்புத்தேன். போகப் போக அதுவே பழகிருச்சு. இப்ப வீட்டுலயும் அப்படித்தேன், வண்டி சாவிய மறக்குறது, கல்யாணத்துக்கு மறுநாள் போய் நிக்கிறது. அதெல்லாம் நடிப்பில்ல. அது நெசமாவே நான்தேன்."

"அப்புறம் கை நடுங்கவே இல்லையா?"

"ஒரு தடவை. இந்த வாரந்தேன். உங்க அப்பா வந்தப்ப."

முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சுந்தரம்னு பேர் சொன்னாரு. தரகர் குடுத்த உங்க படத்துல, உங்க பக்கத்துல நிக்கிறவருல்ல, பாத்ததும் தெரிஞ்சிருச்சு. வாயத் தொறந்து வைங்கன்னுட்டுத் திரும்பி நின்னு கை கழுவுனேன். நடுக்கம் நிக்கிற வரைக்கும் கழுவுனேன்." கூரையிலிருந்து பார்வையை என் பக்கம் திருப்பினார். "அவருகிட்டச் சொல்லிராதீங்க. அம்புட்டு மெனக்கெட்டு வந்திருக்காரு. தெரிஞ்சா சங்கடப்படுவாரு."

தரகரிடம் போன என் படம் சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்தது. தனியாக எடுத்த படம் எதிலும் நான் நன்றாக இல்லை என்று அம்மா அதைக் கொடுத்திருந்தார். அப்பாவின் துப்பறியும் வேலை எல்லாம் அந்தப் படத்திலேயே பாழாகியிருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கென்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் பயந்து போய் எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலி விடவில்லை.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"விசாரிச்சியா?"

"விசாரிச்சேன்ப்பா. சம்மதம்."

"என்ன ஆதாரம்?"

"இருக்குப்பா. ஆனா சொல்ல முடியாது."

ஆதாரம் இல்லாத எதையும் ஏற்றுக்கொண்டவர் இல்லை அவர். என் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தரகருக்குப் போன் செய்தார்.

அதன் பிறகு

கல்யாணத்தன்று ரகுபதி யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். கல்யாணமாகி ஓர் ஆண்டுக்குள், ஊருக்குப் போய்த் திரும்பிய என்னை அழைத்துப்போக ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர், அங்கே பார்த்த ஒரு பழைய நோயாளியை வண்டியில் ஏற்றி அவர் வீட்டில் விட்டுவிட்டு, பிறகு என்னைத் தேடி வந்தார். பெட்டியோடு நான் நின்ற நிற்பை அங்கிருந்த பூக்காரம்மா பல மாதம் விசாரித்துக்கொண்டிருந்தார். சமையல் எரிவாயு தீர்ந்த எந்த நாளிலும் அவர் புக் செய்திருந்ததில்லை. எல்லாவற்றுக்கும் நான் கோபப்படுவேன். கோபம் முடிவதற்குள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். இப்போது என் வகுப்பிலும் அவ்வப்போது சிரிப்புச் சத்தம் கேட்கிறது. தலைமை ஆசிரியை ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். சாயங்காலங்களில் மாமனாரும் மருமகனும் சேர்ந்து கிரிக்கெட் பார்ப்பார்கள். அப்பா நடுவர்களைத் திருத்துவார். மருமகன் ஆமாம் போடுவார்.

இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் அப்பாவிடம் அனுமதி கேட்டேன். அவர் பால்கனியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கணவர் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பல்லுக் கதையை எழுதப் போறேன்ப்பா. சுந்தரம்னு பேரு குடுத்ததை எல்லாம்."

"எழுது. நடந்ததுதான." நகவெட்டியை மடக்கினார். "ஒண்ணு மட்டும் எழுதாத. நான் யாருன்னு மாப்பிள்ளைக்கு அன்னைக்கே தெரியும்."

பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆரப்பாளையம்னுதான் நான் ஊர் சொல்லியிருந்தேன். பல்ல எடுத்துட்டு, கீழ எறங்கி வந்து ஆட்டோவ அவரேதான் கூப்பிட்டாரு. 'பசுமலைக்குப் பாத்துக் கூட்டிட்டுப் போங்கண்ணே'ன்னு சொல்லி ஏத்தி விட்டாரு. வாயில பஞ்சு. நான் என்னத்தைச் சொல்ல?"

"இத்தனை வருஷமா ஏம்ப்பா சொல்லல?"

"எனக்குச் சங்கடமாயிரும்னு அவரு தெரியாத மாதிரி இருக்காரு. அதை நான் கெடுக்கலாமா? வாய் தவறி அப்படிச் சொன்னது அவருக்கே தெரியாது. தெரிஞ்சா வருத்தப்படுவாரு." உள்ளே குளியலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "அவருகிட்டச் சொல்லிராதம்மா."

சரிப்பா என்று தலையாட்டினேன். பல வருடங்களுக்கு முன் இன்னொருவரிடமும் அதேபோலத் தலையாட்டியிருக்கிறேன்.

இரண்டு பேரும் இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவர்கள். வியாழக்கிழமை காலையில்தான் வரும். யார் கையில் முதலில் சிக்குகிறதோ தெரியாது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.